தேட ஆளில்லாத தலைமறைவு

அஞ்சல்தலையின் மேல் பசையை மெல்லியதாகப் பூசிக் காயவிட வேண்டும். தபால் முத்திரையின் மை பசையின் மேல்தான் விழும், தலையைத் தொடாது. கடிதம் போய்ச் சேர்ந்ததும் அதைத் தண்ணீரில் ஊறவைத்தால் பசையோடு முத்திரையும் கழன்றுவிடும். அதே தலையைப் பதில் கடிதத்தில் மறுபடி ஒட்டலாம். 1980களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அஞ்சல் துறைக்குச் செய்த சின்னத் துரோகம் இது. அவர்களிடம் காசு இல்லை. அனுப்ப வேண்டிய கேசட்டுகளோ நிறைய இருந்தன.

கேசட்டில் இருந்தது ஹெவி மெட்டல். வானொலி ஒலிபரப்பாத, கடையில் கிடைக்காத குழுக்கள் வீட்டு காரேஜிலும் ஒத்திகை அறையிலும் பதிவு செய்த நாடாக்கள். ஒருவர் பிரதி எடுத்து நாலு பேருக்கு அனுப்புவார். அந்த நால்வரும் ஆளுக்கு நாலு பேருக்கு அனுப்புவார்கள். உறைக்குள் கூடவே ஜெராக்ஸ் துண்டறிக்கைகள்: இன்ன ஊரில் இன்ன குழு, நாடா வேண்டுவோர் எழுத வேண்டிய முகவரி. இன்று கோடிகளில் புரளும் மெட்டாலிக்கா 1982-ல் பதிவு செய்த மாதிரி நாடா இப்படித்தான் பரவியது. அவர்களது முதல் ஆல்பம் 1983-ல் கடைக்கு வருவதற்குள் கடல் கடந்தும் சிலருக்கு அந்தப் பாடல்கள் மனப்பாடம்.

ஒரு சுவடியைப் பார்த்து இன்னொரு சுவடி எழுதும்போது பாடபேதம் சேர்வதுபோல, நாடாவுக்கு நாடா இரைச்சல் சேரும். ஆறாவது ஏழாவது பிரதியில் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் கேட்கும். அதையும் கேட்டார்கள். செல்லரித்த ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரைப் படித்தவர்களுக்கு இந்தப் பைத்தியம் ஓரளவு புரியும்.

அண்டர்கிரவுண்ட் என்று இந்த உலகத்துக்குப் பெயர். தமிழில் தலைமறைவு என்றால் போலீஸ் தேடும் ஆள் என்று பொருள். இங்கே விஷயம் தலைகீழ்: தேட ஆளே இல்லாததால் இவர்கள் தலைமறைவு. தேடுகிற ஒருவர் கிடைத்துவிட்டால் போதும். குழுவின் பாதித் தலையெழுத்து மாறிவிடும். இந்தியாவில் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளாக இந்த இசை உயிரோடிருக்கிறது என்றால் அதற்குக் காரணம், கேசட் கம்பெனிகளோ டி.வி. சானல்களோ இல்லை. தேடிக் கண்டுபிடிப்பதையே வேலையாக வைத்துக்கொண்ட சில தனி மனிதர்கள். அவர்களில் பலர் தாங்களே கிடாரும் பிடித்தவர்கள்.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழிற்சாலை நகரம். தகரப் பட்டறையில் வேலை செய்த பதினேழு வயது டோனி அயோமி, வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் கை கொடுத்தார். வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கக்காரர் என்பதால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். கிடாரை மறந்துவிடு என்றார்கள். அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்தினால் வலிக்கிறது என்று மெல்லிய தந்திகளைப் போட்டார். பின்னர் தந்திகளைத் தளர்த்தியும் பார்த்தார். தளர்ந்த தந்தி கனத்த, இருண்ட ஒரு ஒலியைக் கொடுத்தது. 1970-ல் வந்த பிளாக் ஸப்பாத் குழுவின் முதல் ஆல்பத்தோடு ஹெவி மெட்டல் பிறந்தது என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அதே குழு 2025 ஜூலை 5-ம் தேதி அதே பர்மிங்ஹாமில் கடைசியாக மேடையேறியது. பதினேழே நாளில் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார்.

அயோமியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சத்தத்தை இன்னும் வேகமாக்கினார்கள், இன்னும் தடிமனாக்கினார்கள். திராஷ், டெத், டூம், பிளாக் என்று கிளைகள். புதிதாகக் கேட்பவரை முதலில் விரட்டுவது குரல்தான். அது வெறும் கத்தல் என்றுதான் தோன்றும். உண்மையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க் குரல்நாண் மடிப்புகளை அதிரவைத்து எழுப்பும் ஒலி அது. மூச்சுப் பயிற்சி இல்லாமல் செய்தால் தொண்டை புண்ணாகிவிடும். தெருக்கூத்தில் இரணியன் வேடக்காரர் விடிய விடிய உறுமுவதைக் கேட்டவர்கள் இதற்கு அத்தனை அஞ்சத் தேவையில்லை. டிரம்ஸில் இரண்டு கால்களும் தனித்தனி மிதியை மிதித்துப் பெரிய டிரம்மை மழைபோல் பொழியவைக்கும். அந்தக் கால்வேலைக்குத் தேவையான அசுர சாதகம், எந்த மிருதங்க வித்வானும் மதிக்கக்கூடியது.

இந்தியாவில் இந்தச் சத்தம் எங்கே போய் ஒண்டும்? 1980களில் மும்பை, பெங்களூர், கல்கத்தா, ஷில்லாங் மாதிரி நகரங்களின் கல்லூரி விழாக்களில். வெளிநாட்டிலிருந்து வரும் மாமா ஒருவர் ஒரு கேசட் கொண்டுவருவார். அது வகுப்பு முழுவதும் சுற்றும். மும்பையில் 1984-ல் தொடங்கிய ராக் மெஷின் குழு 1988-ல் சொந்தப் பாடல்களோடு ஆல்பம் போட்டது. அதை மெட்டல் என்பதைவிட ஹார்ட் ராக் என்பதே சரி. ஆனால் இந்தியப் பையன்கள் சொந்தமாகப் பாட்டு எழுதலாம் என்ற தைரியத்தை அது கொடுத்தது. 1986-ல் மும்பையில் தொடங்கிய இண்டிபெண்டன்ஸ் ராக் விழாவும் அது நடந்த ரங் பவன் திறந்தவெளி அரங்கும் பல குழுக்களுக்குத் தாய்வீடாயின. அங்கேயும் சபையின் கட்டளை பெரும்பாலும் ஒன்றுதான்: தெரிந்த வெளிநாட்டுப் பாட்டைப் பாடு. சொந்தப் பாட்டை இடையில் நைசாக நுழைக்க வேண்டும். மெல்லிசைக் குழுக்களிடம் சினிமாப் பாட்டு மட்டும் கேட்கும் நம்மூர் திருவிழாக் கூட்டத்தை இது நினைவுபடுத்தினால் தப்பில்லை.

நல்ல கிடார் என்பது அப்போது இறக்குமதிச் சாமான். உள்நாட்டில் கிடைத்தது கல்கத்தாவின் கிவ்ஸன்; அமெரிக்கப் பெயர் ஒன்றை ஓரெழுத்து மாற்றியதுபோல் இருக்கும் அந்தப் பெயரே ஒரு தனி நகைச்சுவை. இந்த நிலையில்தான் பெங்களூரில் மில்லெனியம் என்ற குழு 1980களின் கடைசியிலேயே அசல் ஹெவி மெட்டல் வாசித்துக்கொண்டிருந்தது. 1990களில் அதே ஊரில் டையிங் எம்பிரேஸ் அதைவிட இருண்ட ஒரு வகையை வாசித்தது. ஊருக்கு வெளியே இவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

வழி செய்தது அலகாபாத். ஆம், திரிவேணி சங்கமத்து அலகாபாத். 2018 முதல் பிரயாக்ராஜ். இந்த இசைக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. அங்கிருந்து 1993-ல் அமித் சைகல் என்பவர் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உடன் நின்றவர் ஷீனா காமத். இந்திய ராக் குழுக்களை மட்டும் நம்பி ஒரு பத்திரிகை என்பது அன்றைக்குப் பைத்தியக்காரத்தனம். எழுதுவதற்கு ஆளில்லை, விளம்பரம் தர ஆளில்லை, எழுதப்படுவதற்குக் குழுக்கள் இருக்கின்றனவா என்பதே சந்தேகம்.

குழுக்கள் இருந்தன. தபாலில் கேசட்டுகள் வர ஆரம்பித்தன. கௌஹாத்தியில் இருப்பவனுக்குத் தன்னைப்போல் ஒருவன் புனேயில் இருக்கிறான் என்பது தெரிந்தது. பத்திரிகை தொகுத்து வெளியிட்ட பாடல்கள், ஓர் ஆல்பத்துக்கும் வழியில்லாத குழுக்களுக்கு ஒரே ஒரு பாட்டளவு இடம் கொடுத்தன. 1990களின் பிற்பகுதியில் அது கிரேட் இந்தியன் ராக் என்ற விழாவாகவும் வளர்ந்தது. தமிழில் இதற்கு இணை தேடினால் சிறுபத்திரிகைதான். மனைவியின் நகையை விற்று 'எழுத்து' நடத்தி, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய சி.சு. செல்லப்பா. படிப்பவரும் எழுதுபவரும் ஏறக்குறைய ஒரே ஆட்கள், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், சண்டைக்கும் குறைவில்லை. இந்திய ராக் உலகம் சைகலை 'பாப்பா ராக்' என்று அழைத்தது. அது அப்பா என்ற அர்த்தத்தில்.

2012 ஜனவரியில் கோவா கடலில் மூழ்கி அவர் இறந்தார். நாற்பத்தாறே வயது. ஒரு தலைமுறை இசைக்காரர்களுக்கு முதல் தடவையாகத் தங்கள் பெயரை அச்சில் காட்டியவர் போய்விட்டார். அவர் செய்த வேலையைச் செய்ய எந்த அமைப்பும் அதற்குள் உருவாகியிருக்கவில்லை. தனி மனிதரை நம்பி நிற்கும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

மும்பையில் சாஹில் மகிஜா என்ற இளைஞர் 2000-ல் டீமானிக் ரிசரக்ஷன் என்ற குழுவைத் தொடங்கினார். மேடைப் பெயர் டீமன்ஸ்டீலர், அசுரத் திருடன். (இந்த உலகத்தில் புனைபெயர் வைத்துக்கொள்ளாதவர் குறைவு. நமக்கு அது புதிதில்லை.) பாடுவார், கிடார் வாசிப்பார். அதோடு முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல இசைக்காரர், அவ்வளவுதான். அவர் குழுவைப் பதிவு செய்ய மெட்டல் தெரிந்த ஒலிப்பதிவாளர் இல்லை; ஒலிப்பதிவைத் தாமே கற்றுக்கொண்டார், மற்றக் குழுக்களுக்கும் செய்து கொடுத்தார். வெளியிட ஆளில்லை, டீமன்ஸ்டீலர் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி, தம் குழுவை மட்டுமின்றி ஆல்பட்ராஸ், மைண்ட்ஸ்னேர் போன்ற பிற குழுக்களையும் வெளியிட்டார். மேடை இல்லை, தாமே நிகழ்ச்சிகள் நடத்தினார். ரங் பவனில் 2000களின் தொடக்கத்தில் பாட்டு நின்றுபோயிருந்தது. அருகில் மருத்துவமனைகள், அதனால் அது அமைதி மண்டலம் என்பது காரணம். நோயாளிகளின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த அரங்கில் ஒண்டியிருந்தவர்களுக்கு மாற்று இடம் யாரும் காட்டவில்லை.

2010-ல் மகிஜாவின் குழு நார்வேயின் இன்ஃபெர்னோ விழாவில் வாசித்தது. அதே ஆண்டு லண்டனில், மெட்டல் ஹாமர் பத்திரிகையின் கோல்டன் காட்ஸ் விருதுகளில் உலக மெட்டலுக்கான பரிசு. கிரிக்கெட்டில் இதில் பாதி நடந்திருந்தால் விமான நிலையத்தில் மாலையோடு மந்திரி நின்றிருப்பார். 2017-ல் வந்த 'தசாவதாரம்' ஆல்பத்தில் பத்துப் பாடல்கள், அவதாரத்துக்கு ஒன்று. மச்சத்தில் தொடங்கிக் கல்கியில் முடியும். நரசிம்மருக்கு உறுமல் குரல் பொருந்துவதில் ஆச்சரியமில்லை. கண்ணனுக்கும் புத்தருக்கும் இந்த வாத்தியங்களை எப்படி வைப்பது என்பதுதான் சவால். கேட்டவர்கள் கருத்து இரண்டுபட்டால் அதில் குற்றமில்லை. நிந்தனை என்று யாராவது கிளம்புவதற்குள் முழுசாகக் கேட்பது உத்தமம்.

இத்தனை பட்டங்களுக்கும் பிறகு மகிஜாவைப் பரவலாகத் தெரியவைத்தது எது என்று கேட்டால், சமையல். ஹெட்பேங்கர்ஸ் கிச்சன் என்ற பெயரில் வீடியோ நிகழ்ச்சி. முதலில் மெட்டல் இசைக்காரர்களை உட்காரவைத்துச் சமைத்துக்கொண்டே பேட்டி எடுப்பதாகத்தான் ஆரம்பித்தார். பின்னால் அது மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ சமையலுக்குத் திரும்பியது. இசைக்கு வராத கூட்டம் இதற்கு வந்தது. உலகின் பல மூலைகளில் முட்டையும் சீஸும் வைத்து ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளும் பல பேருக்கு, அந்தத் தாடிக்காரர் மாலையில் என்ன மாதிரி குரலில் பாடுவார் என்பது தெரியாது. நடுவில் வொர்க்‌ஷாப் என்று ஒரு நகைச்சுவைக் குழுவும் நடத்தினார். அதன் ஆல்பத்தின் பெயர் 'கூனி முர்கா', கொலைகாரச் சேவல். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர் நெடுநாள் தாக்குப்பிடிப்பார்.

மகிஜாவின் கதை அதிசயமாகத் தோன்றலாம். இந்த வட்டத்தில் அது விதிவிலக்கு கிடையாது; கொஞ்சம் பெரிதாக எழுதப்பட்ட பொது விதி. பகலில் விளம்பர நிறுவனம், மென்பொருள், வக்கீல் ஆபீஸ், இரவில் ஒத்திகை. பாட்டு வருமானம் தராது என்பதால் பாடுபவனே சுவரொட்டி வரைய வேண்டும், டீ ஷர்ட் விற்க வேண்டும், ஆம்ப்ளிஃபையரை ஆட்டோவில் ஏற்ற வேண்டும். கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு வேலை என்று ஒருவர் விலகினால் குழு படுத்துவிடும். பல குழுக்களின் ஆயுள் ஒரு கல்லூரிப் படிப்பின் ஆயுள்தான்.

படுக்காமல் நின்றவர்களும் உண்டு. பெங்களூரின் கிரிப்டோஸ் குழு 1998-ல் தொடங்கியது. பாடகரும் கிடார்காரருமான நோலன் லூயிஸ் அன்றிலிருந்து இருக்கிறார். முதல் ஆல்பம் வர 2004 ஆகிவிட்டது. 1980களின் பழைய பாணி மெட்டல்தான் அவர்கள் பிடிவாதம். காலத்துக்கேற்ப மாறுங்கள் என்ற யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பழமைக்கு ஜெர்மனியில் ரசிகர்கள் இருந்தார்கள். 2013-ல் வாக்கன் விழாவில் வாசித்தார்கள். 2016 முதல் ஜெர்மனியின் ஏ.எஃப்.எம். நிறுவனம் அவர்கள் ஆல்பங்களை வெளியிடத் தொடங்கியது. வாக்கன் என்பது வட ஜெர்மனியில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் ஒரு கிராமம். 1990-ல் சிறிதாகத் தொடங்கிய விழாவுக்கு இப்போது கோடையில் அங்கே முக்கால் லட்சம் பேருக்கு மேல் கூடுகிறார்கள். பசுமாடு மேயும் வெளியில் நடக்கும் மெட்டல் மகாமகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஷில்லாங்கின் பிளேக் த்ரோட் குழு, இந்தியாவில் நடந்த போட்டியில் ஜெயித்து 2014-ல் அங்கே போனது. மேகாலயத்து மலையிலிருந்து வாக்கன் சேற்றுக்கு வழி திறந்தது. ஷில்லாங்கிலிருந்து சென்னைக்கு அத்தனை சுலபமாக வழி திறப்பதில்லை.

பெரிய தெய்வங்களே இந்தியாவுக்கு வந்ததால் நிலைமை மாறவில்லையா? 2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தது. நாடெங்கிலுமிருந்து ரயிலேறி வந்தவர்கள், கறுப்புச் சட்டை போட்ட இத்தனை பேர் இந்தியாவில் இருக்கிறார்களா என்று ஒருவரை ஒருவர் பார்த்து வியந்தார்கள். அன்று முன்னால் வாசித்த டெல்லிக் குழு பரிக்கிரமாவுக்கு அதே ஆண்டு இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவில் இடம் கிடைத்தது. 2009-ல் ஸ்வீடனின் ஓபெத், சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கே வந்தது. 2011 அக்டோபரில் மெட்டாலிக்கா. குர்காவ்ன் நிகழ்ச்சி ரத்தாகிக் கூட்டம் மேடையைப் பிய்த்துப்போட்டது. இரண்டு நாள் கழித்து அக்டோபர் 30 அன்று பெங்களூரில் நல்லபடியாக நடந்தது. இவையெல்லாம் கூட்டம் இருக்கிறது என்பதை நிரூபித்தன. அந்தக் கூட்டம் அடுத்த வாரம் உள்ளூர்க் குழுவின் நிகழ்ச்சிக்கு நூறு ரூபாய் டிக்கெட் வாங்குமா என்பது வேறு கேள்வி. கும்பாபிஷேகத்துக்கு வரும் கூட்டம் மறுநாள் சாயரட்சைக்கு வருவதில்லை.

எல்லாக் குழுக்களும் கண்டுபிடிக்கப்பட விரும்புகிறவை என்றும் சொல்ல முடியாது. கல்கத்தாவில் 2010-ல் உருவான ஹீதன் பீஸ்ட் குழுவின் மூவரும் முகத்தை மூடிக்கொண்டவர்கள். சொந்தப் பெயர்கள் வெளியே வந்ததில்லை. வைத்துக்கொண்ட பெயர்கள்: சார்வாகா, சாங்கியா, மீமாம்சா. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக்கணக்கர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போகும் காதையைப் படித்தவர்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துச் சட்டென்று புன்னகைப்பார்கள். இவர்கள் பாட்டின் பொருள் மதக் கலவரம், பிள்ளையார் சிலைகளைக் கரைப்பதால் நீர்நிலை கெடுவது, அரசியல், ஊழல். சொல்லும் விதம் பச்சையானது, பல இடங்களில் வேண்டுமென்றே புண்படுத்துவது. எல்லோராலும் ரசிக்க முடியாது. ஆனால் இந்த ஒரு குழுவுக்குத் தலைமறைவு என்ற சொல் அதன் பழைய அர்த்தத்திலேயே பொருந்துகிறது. பெயர் தெரிந்தால் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்ற கணக்கு அந்த முகமூடிக்குள் இருக்கிறது. முகம் தெரியாமலே 2020-ல் முழு ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்கள்.

இதற்கு நேர் எதிர்த் துருவம் சிங்கப்பூரில். 1992-ல் அங்கே தமிழ் இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய ருத்ரா, தங்கள் இசைக்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயர் சூட்டினார்கள். சமஸ்கிருத மந்திரங்கள், அத்வைத வேதாந்தம், டெத் மெட்டல் மூன்றும் ஒரே பானையில். 2003-ல் 'குருக்ஷேத்ரா', 2005-ல் 'பிரம்மவித்யா' வரிசையின் முதல் ஆல்பம். பாடகரும் பேஸ் கிடார்காரருமான கதிர் என்கிற கதிரேசன் வேதாந்தம் பயின்றவர், மனப் பயிற்சி பற்றிப் புத்தகங்கள் எழுதியவர். மூச்சைக் கவனி என்று பகலில் சொல்லிக்கொடுப்பவர் இரவில் மூச்சை வைத்து என்ன செய்கிறார் என்பதைக் கேட்டால்தான் தெரியும். இந்தக் குழுவும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகமும் பற்றி அங்குள்ள இசை ஆய்வாளர் யூஜீன் தைரியநாதன் 2009-ல் ஆய்விதழில் நீண்ட கட்டுரையே எழுதினார். தமிழ்நாட்டில் மெட்டல் கேட்பவர்களைத் தாண்டி ருத்ராவின் பெயர் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்பு என்றால் கவிதைத் தொகுப்பு மட்டும்தான் என்று நாம் நினைத்திருக்கிறோம்.

ஒரு குழுவின் கதை இந்தச் சித்திரத்தில் பொருந்தாமல் நிற்கிறது. டெல்லியின் பிளட்டிவுட். 2016-ல் கரண் கட்டியார் என்ற வக்கீலும் பாடகர் ஜயந்த் பதூலாவும் தொடங்கியது. முதலில் சினிமாப் பாட்டுகளையும் பாப் பாடல்களையும் மெட்டலாக மாற்றிக் கேலி வீடியோக்கள் போட்டார்கள். பிறகு டோல் மேளமும் புல்லாங்குழலும் இந்தியும் பஞ்சாபியும் சேர்ந்த சொந்தப் பாட்டுகள். ராப் பகுதிக்கு ராவுல் கெர் வந்து சேர்ந்தார். 2019-ல் வாக்கன் மேடை. 2022-ல் 'ரக்ஷக்' ஆல்பத்தை எந்தக் கம்பெனியும் இல்லாமல் தாங்களே வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அரங்கம் நிறைந்தது. கேசட் கை மாற ஆண்டுக்கணக்கில் ஆன இடத்தில் ஒரு வீடியோ ஒரே வாரத்தில் வேலையை முடித்துவிட்டது.

அப்படியானால் இனி தேடுகிறவர் தேவையில்லையா? பழைய ஆட்கள் சிலர் பிளட்டிவுட்டை மெட்டல் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பஞ்சாயத்துக்குள் போக வேண்டாம். விஷயம் இதுதான்: முன்பு கிடைக்காததால் கேட்க முடியவில்லை. இப்போது எல்லாமே கிடைப்பதால் எதைக் கேட்பது என்று தெரியவில்லை. இந்தக் கடலில் ஷில்லாங் குழுவைக் கையைப் பிடித்துக் காட்ட இன்னும் ஒரு ஆள் வேண்டும். காலம் கொடுத்த வசதியும் உண்டு. மகிஜா தனியாகப் போட்ட 2016 ஆல்பத்துக்கு டிரம்ஸ் வாசித்தவர் ஜார்ஜ் கோலியாஸ். அமெரிக்காவின் நைல் குழுவில் வாசிக்கும் கிரேக்கர், உலகின் மிக வேகமான கால்களில் இரண்டுக்குச் சொந்தக்காரர். 1985-ல் என்றால் இதற்குப் பசை பூசிய அஞ்சல்தலையோடு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

புதிய பாட்டுகள் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். கவலை பழையதைப் பற்றி. இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்தின் பிரதியும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட வேறு சில நூலகங்களுக்கும் போக வேண்டும் என்பது 1954-ம் ஆண்டுச் சட்டம். 1956-ல் பத்திரிகைகளையும் சேர்த்தார்கள். ஒலிப்பதிவுகளை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. சைகலின் பத்திரிகை இதழ் ஒன்று ஏதாவது நூலக அலமாரியில் இருக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கங்களில் பெயர் வந்த குழுக்களின் நாடாக்களுக்கு அப்படி ஓர் அலமாரி கிடையாது. ஐம்பது, நூறு பிரதி எடுத்தவை அவை. வாசித்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். கனடாவிலும் துபாயிலும் இருக்கிறார்கள், சிலர் இல்லை. நாடா பரணில், டிரங்குப் பெட்டியில், பழைய கல்லூரி நோட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதமான ஊர்களில் வெள்ளைப் பூஞ்சை ஏறிவிடுகிறது. துடைத்துச் சுற்றி ஓடவைக்க ஒரு டெக் வேண்டும். அதற்கு ரப்பர் பெல்ட் வேண்டும். பெல்ட் மாற்றத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். மூன்றும் கிடைத்த சிலர், மாலை நேரங்களில், ஒரு கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அறுபது நிமிஷ நாடாவை ஏற்ற அறுபது நிமிஷம் ஆகும். அதில் அவசரப்படுத்த முடியாது.